வாய்தாவில் தீராத வழக்கு

சாலைக் கடைத்தெருவில் அப்பா விட்டுச் சென்ற பலசரக்குக் கடைக்காக அண்ணனும் நானும் ஏழு வருஷம் வஞ்சியூர் கோர்ட்டுக்கு நடந்தோம். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் தோன்றிய இந்தத் தெருவில் நம்மவர் கடைகள் ஏராளம். பிரிக்கப்படாத கூட்டுச் சொத்தும் ஏராளம். ஆகவே எங்கள் அனுபவம் யாருக்காவது பயன்படலாம் என்றே எழுதுகிறேன்.

இரண்டு வாய்தாக்களுக்கு நடுவில் அம்மா காலமானார்கள். துக்க வீட்டில்கூட நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சில மாதங்களுக்குப் பின் நீதிபதி வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார்.

"ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதானே" என்று எண்ணிக்கொண்டு போனேன். ஆனால் மத்தியஸ்தர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இருவரையும் சேர்த்தும், தனித்தனியாகவும் பேசவைத்தார். தனியே சொன்னதை நம் சம்மதமின்றி மறுதரப்பிடம் சொல்வதில்லை என்றார். "கடை கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பணம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அண்ணனுக்கோ அப்பா உட்கார்ந்த கல்லா வேண்டும். பிராதில் இந்த இரண்டுமே இல்லை!

நான்காவது அமர்வில் முடிவாயிற்று. கடை அண்ணனுக்கு, என் பங்குக்கு மூன்று தவணையில் பணம். இருவரும் கையெழுத்திட்டோம். கோர்ட் அதையே டிக்ரியாக்கியது.

இந்த வழியைத் திறந்தது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு. 2002 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. சேலம் வக்கீல் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, 2005இல் மாதிரி விதிகளுக்கும் வழிகாட்டியது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கியது. பாகப்பிரிவினை, வாடகை, கூட்டு வியாபாரம், குடும்பத் தகராறு ஆகியவை சமரசத்துக்கு ஏற்றவை என்று 2010இல், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் விளக்கியது. போலிப் பத்திரம், மோசடி போன்ற கடுமையான குற்றச்சாட்டுகள் உள்ளவை பொதுவாக இதற்கு ஏற்றவை அல்ல.

பேச்சு முறிந்தாலும் நஷ்டமில்லை. வழக்கு மீண்டும் கோர்ட்டுக்கே போகும். மையத்தில் பேசியதைச் சாட்சியமாக்க முடியாது. நிலுவையில் வழக்கு உள்ளவர்கள், சமரசத்துக்கு அனுப்பும்படி கேட்க உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

கடைசித் தவணையை அண்ணன் கல்யாண வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். பந்தி முடியும்வரை இருந்து பரிமாறினார். அதைப் பார்க்க அம்மாதான் இல்லை.