கட்டு இறுகினால் கை போகும்!

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். மாடிப்படியில் சறுக்கி விழுந்து பிள்ளையின் கை முறிந்துவிட்டது. வளவனூரில் இருப்பவர் எங்கே ஓடுவார்?

வளவனூர், விழுப்புரம் - புதுச்சேரி ரெயில் பாதையில் உள்ள ஊர். கிழக்கே போனால் புதுச்சேரியில் ஜிப்மர் ஆஸ்பத்திரி. 1823-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது அது. மேற்கே போனால் விழுப்புரம். அதை அடுத்த முண்டியம்பாக்கத்தில், 2010-ம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. இரண்டிலும் எலும்பு வைத்தியத்துக்குத் தனிப் பிரிவு உண்டு.

ஆனாலும் பலர் முதலில் தேடுவது எலும்பு கட்டும் வைத்தியரைத்தான். 'புத்தூர் கட்டு' என்ற பலகைகள் தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிக்கடி கண்ணில் படும். திருப்பதி அருகே உள்ள புத்தூரின் பெயர் அது. செலவு குறைவு, காத்திருக்க வேண்டாம், கத்தி வைப்பார்களோ என்ற பயமும் இல்லை. சாதாரண முறிவு அசையாமல் இருந்தாலே கூடிவிடும். ஆனால் அது சாதாரண முறிவுதானா என்பதை எக்ஸ்ரே எடுத்தால்தான் சொல்ல முடியும்.

விரல் சொல்லும் சேதி

முறிந்த இடம் வீங்கும், கட்டு வீங்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்திலேயே தசை செத்துப்போகத் தொடங்கும். விரல்கள் மடங்கி, கோழிக்கால் போல இறுகிவிடும். 1881-ம் ஆண்டு ஜெர்மன் டாக்டர் வோல்க்மன் இதை விவரித்து எழுதினார். இன்றும் இந்த ஊனத்துக்கு அவர் பெயர்தான். முற்றினால் கையையே எடுக்க நேரும்.

கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். மாறாகக் கூடுகிறதா? விரலை நீட்டினால் உயிர் போகிறதா? விரல் வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போகிறதா? விடியட்டும் என்று இருக்கக் கூடாது. நாட்டுக் கட்டானாலும் சரி, ஆஸ்பத்திரி மாவுக்கட்டானாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது

எண்ணெய் தடவி நீவக் கூடாது. இழுத்துப் பார்க்கவும் கூடாது. வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். மடித்த செய்தித்தாளை அடியில் வைத்து, கை அசையாதபடி தளர்வாகக் கட்டினால் போதும். பிறகு 108-க்குப் போன் செய்யலாம்.

எலும்பு கூடுவதற்கு வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. ரத்தம் நின்ற கைக்குச் சில மணி நேரம்தான் இருக்கிறது.