வீணாகும் வெப்பம் யாருக்கு?

மின்சாரம் தரும் இயந்திரம் மின்சாரத்தை மட்டும் தருவதில்லை, வெப்பத்தையும் தருகின்றது. முதலாவதை அளந்து, கணக்கு வைத்து, கட்டணம் அறவிடுகின்றோம். இரண்டாவதைக் காற்றில் விட்டுவிடுகின்றோம். குளிர் நிறைந்த மலைப்பகுதியில் வாழும் மக்களைப் பொறுத்தவரை இது சிறிய நட்டமல்ல.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்பிறப்பாக்கி வைத்திருந்த தொழிற்சாலைகளும் வைத்தியசாலைகளும் டீசலுக்கு அலைந்தன. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற டீசலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாக மாறியது. மற்றைய இரண்டு பங்கும் எங்கே போயின?

கணக்கைப் பார்ப்போம்

ஒரு லீற்றர் டீசலில் அடங்கியுள்ள சக்தி ஏறத்தாழ 10 மின் அலகுகளுக்குச் சமமானது. சாதாரண மின்பிறப்பாக்கி அதிலிருந்து 3 முதல் மூன்றரை அலகு வரை மின்சாரம் தரும். அதற்குச் சற்றுக் குறைவான அளவு, இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரில் சேர்ந்து ரேடியேற்றர் வழியாக வெளியேறும். ஏறக்குறைய அதே அளவு புகையோடு போய்விடும். எஞ்சியது இயந்திரத்தின் உடம்பிலிருந்து அந்த அறைக்குள் பரவும்.

மணிக்கு 30 அலகு மின்சாரம் தரும் ஒரு மின்பிறப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குளிர்விக்கும் நீரிலிருந்து மணிக்கு 25 அலகு வெப்பத்தைப் பெற முடியுமானால், 500 லீற்றர் தண்ணீரை 20 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கலாம். இதற்கு மேலதிகமாக ஒரு சொட்டு டீசலும் தேவையில்லை. ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய வெப்பம் இது.

இதனைப் பெறும் முறையும் சிக்கலானதல்ல. இயந்திரத்தின் குளிர்விக்கும் நீர் 80 முதல் 90 பாகை வரை சூடாக இருக்கும். அந்நீரை ரேடியேற்றருக்கு அனுப்பும் முன்னர் ஒரு வெப்பமாற்றியினூடாகச் செலுத்த வேண்டும். வெப்பமாற்றி என்பது இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று கலவாமல், உலோகத் தகட்டின் இரு பக்கங்களிலும் ஓடும் ஒரு பெட்டி. ஒரு பக்கத்தில் இயந்திரத்தின் நீர். மறுபக்கத்தில் கட்டடத்திற்குப் போகும் நீர். வெப்பம் மட்டும் கைமாறும். ரேடியேற்றரைக் கழற்றிவிடலாகாது. கட்டடத்துக்கு வெப்பம் தேவைப்படாத வேளையில் இயந்திரத்தைக் காப்பாற்றுவது அதுவே.

மற்றைய நாடுகளில்

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1882இல் நியூயோர்க் நகரின் பேர்ள் வீதியில் எடிசன் தொடங்கிய மின்நிலையமே அயலிலுள்ள கட்டடங்களுக்கு வெப்பத்தையும் வழங்கியதென்பர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியால் பெரிதும் பாதிக்கப்பட்ட டென்மார்க், 1979இல் வெப்ப விநியோகத்திற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. இன்று அந்நாட்டின் வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை குழாய்வழி வரும் பொது வெப்பத்தால் சூடேற்றப்படுகின்றன. அதில் ஒரு பகுதி மின்நிலையங்கள் தருவதாகும்.

எமக்குக் கூடுதலாகப் பாடம் சொல்வது அலாஸ்கா. அங்கு தெருப்பாதையே இல்லாத பல சிற்றூர்களுக்குக் கோடைகாலத்தில் படகிலும் மற்றக் காலங்களில் விமானத்திலும் டீசல் வருகின்றது. ஊருக்கு ஒரு சிறிய மின்நிலையம். அதன் குளிர்விக்கும் நீரை மண்ணுக்குள் புதைத்த குழாய் வழியாகப் பாடசாலைக்கும் குடிநீர் நிலையத்துக்கும் பொதுச் சலவைக் கூடத்துக்கும் அனுப்புகின்றார்கள். தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தால் ஊரே தவிக்கும். ஆகவே அங்கே கழிவு வெப்பம் சொகுசல்ல, உயிர்நாடி.

அந்த ஊர்களிலிருந்து நாம் அறியவேண்டிய உண்மை ஒன்று: மின்சாரம் கம்பியில் நெடுந்தூரம் போகும், வெப்பம் போகாது. குழாய் நீள நீள வெப்பம் வழியிலேயே கரையும், செலவும் ஏறும். இயந்திரத்தின் அயலில் இருப்பவனுக்கே அது பயன்படும். இயந்திர அறையை எங்கே கட்டுவது என்று தீர்மானிக்கும் நாளிலேயே அந்த வெப்பம் யாருக்கு என்பதும் தீர்மானமாகிவிடுகின்றது.

எமது மலைகளின் நிலை

கண்டி நகரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் நகரிலிருந்து மேலே ஏறினால் நிலைமை வேறு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை உள்ளடங்கிய ஹேவாஹெட்டைப் பகுதியிலும், புசல்லாவைக்கு மேலேயுள்ள தோட்டங்களிலும், மார்கழி, தை மாத இரவுகள் கடுமையானவை. இன்னும் மேலே நுவரெலியாப் பக்கம் போனால் சில காலைகளில் புல்லில் உறைபனி படிந்திருக்கும்.

பழைய லயன் காம்பராக்களின் கூரை தகரம். பலவற்றிற்கு உட்கூரை இல்லை. மழைக்காலத்தில் கொழுந்தெடுத்துத் திரும்பும் பெண்களின் உடுப்பும் கம்பளியும் நாட்கணக்கில் காயாது. குளிருக்கு இருக்கும் ஒரே மருந்து அடுப்பு. சமையல் முடிந்த பின்னும் அது புகைந்துகொண்டிருக்கும். அதைச் சுற்றியே பிள்ளைகளும் முதியோரும் குளிர்காய்வார்கள். வீட்டினுள் நிறையும் புகை காரணமாக 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்புப் புகையைக் குறைப்பது பற்றிப் பேசும் நாம், அந்த அடுப்பு குளிரையும் போக்குகின்றது என்பதை மறந்துவிடலாகாது. குளிருக்கு வேறு வழி காட்டாமல் அடுப்பை அணையுங்கள் என்பது பயன் தராத போதனை.

வெப்பம் எங்கே இருக்கின்றது?

முதலாவது, டீசல் மின்பிறப்பாக்கி. இங்கே உண்மையைச் சொல்லவேண்டும். நெடுந்தீவு போன்ற யாழ்ப்பாணத் தீவுகளில் டீசல் இயந்திரங்கள் நெடுங்காலம் நாள்தோறும் ஓடின. அங்கு குளிர் இல்லை. எமது மலைகளில் குளிர் உண்டு; இயந்திரமோ மின்வெட்டின்போது மட்டும் ஓடுகின்றது. மாதத்தில் சில மணித்தியாலம் ஓடும் இயந்திரத்துக்கு வெப்பமாற்றியும் குழாயும் பொருத்துவது போட்ட காசைத் திருப்பித் தராது. நாள்தோறும் பல மணிநேரம் ஓடும் இடங்களுக்கே இது பொருந்தும்.

இரண்டாவது, ஓடையில் இயங்கும் சிறு நீர்மின் நிலையம். மலையகத்தில் இது பழைய கதை. 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்குவதற்கு முன்னரே பல தோட்டத் தொழிற்சாலைகள் சொந்த டர்பைன்களில் ஓடின. தேசிய மின்சாரம் வந்தபின் அவற்றுட் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. பின்னர் 1980களிலும் 90களிலும், இன்று ‘பிரக்டிக்கல் அக்ஷன்’ என்று அழைக்கப்படும் நிறுவனம் அவற்றை மீண்டும் இயக்கவும், கிராமங்களில் புதியவற்றை அமைக்கவும் உதவியது. 1997 முதல் உலக வங்கியின் கடனுதவித் திட்டங்கள் மூலம் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் இவ்வகையில் ஒளி பெற்றன.

இந்த நிலையங்களில் பலர் கவனியாத ஒன்று உண்டு. ஓடை இரவு பகலாக ஒரே வேகத்தில் ஓடுகின்றது. மக்களோ இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கின்றார்கள். மின்சாரம் செலவாகாவிட்டால் டர்பைன் கட்டுமீறிச் சுழலும். அதைத் தடுக்க ஓர் இலத்திரனியல் கட்டுப்பாட்டுப் பெட்டி, மிஞ்சும் மின்சாரத்தைச் சூடாக்கிக் கம்பிகளுக்குத் திருப்பிவிடும். பல இடங்களில் அக்கம்பிகள் இயந்திர அறையின் காற்றைச் சூடாக்குவதோடு சரி. 10 கிலோவாற் நிலையத்தில் நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை 8 கிலோவாற் மிஞ்சினால் அது 40 அலகு. வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் விடியும்போது 700 லீற்றர் சுடுநீர் தயாராக இருக்கும். இங்கே வெப்பம் மின்சாரமாகவே இருப்பதால் அதைக் கம்பி வழியாகப் பாடசாலைவரை கொண்டுபோய் அங்கே வெப்பமாக்கலாம் என்பது தனி வசதி. தேசிய மின்சாரம் வந்ததால் கிராம நிலையம் ஓய்ந்துபோன இடங்களிலும், இது அதனை மீண்டும் ஓடவிட ஒரு நியாயமாகலாம்.

மூன்றாவதும் பெரியதும் தேயிலைத் தொழிற்சாலையின் உலை. இது மின்பிறப்பாக்கி அல்ல. ஆனால் எமது மலைகளில் நாள்தோறும் எரியும் பெருநெருப்பு இதுவே. ஒரு கிலோ தேயிலை ஆக்குவதற்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை விறகு செலவாகின்றது. புகைபோக்கியில் போகும் புகை பெரும்பாலும் 200 பாகையைத் தாண்டும். கழிவு வெப்பத்தின் அருமையைத் தொழிற்சாலைக்காரர் அறியாதவரல்லர். மழைநாளில் ஈரக் கொழுந்தை வாட்டுவதற்கு உலைப் பக்கத்துச் சூடான காற்றை வாட்டும் தளத்துக்குக் கொண்டுசெல்வது நீண்டகால வழக்கம். கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்டு இப்பொழுது தேயிலை அருங்காட்சியகமாக விளங்கும் தொழிற்சாலைக்குச் சென்றால், எத்தனை எத்தனை இயந்திரங்களைக்கொண்டு அக்காலத்தவர் தேயிலை ஆக்கினர் என்பதைக் காணலாம்.

ஆக, கொழுந்து குளிரில் நனைந்து வந்தால் அதைச் சூடான காற்றில் உலர்த்த ஏற்பாடு உண்டு. அக்கொழுந்தைப் பறித்தவள் நனைந்து வந்தால் அவளுடைய கம்பளியை உலர்த்த ஏற்பாடு இல்லை. இது தொழில்நுட்பக் குறைபாடு அன்று.

எதைச் சூடாக்குவது?

ஒவ்வொரு வீட்டையும் சூடாக்குவது பற்றி நாம் பேசவில்லை, அது இயலாது. தொழிற்சாலைக்கு அல்லது மின் அறைக்கு அருகில் ஒரு பொதுக் கட்டடம் போதும். பிள்ளைக்காம்பரா, மருந்தகம், உடுப்பு உலர்த்தும் அறை, சுடுநீர்க் குளியலறை என்பவற்றுள் ஒன்றை மக்கள் தெரிவு செய்யட்டும்.

முப்பது சதுர மீற்றர் பரப்புள்ள, தகரக்கூரை கொண்ட ஓர் அறையை வெளிக்குளிரைவிட 8 பாகை கூடுதலாக வைத்திருக்க ஏறத்தாழ 3 கிலோவாற் வெப்பம் தேவை என்பது எமது கணக்கு. அதில் பாதிக்கு மேல் கூரை வழியே போய்விடும். உட்கூரை போட்டால் 2 கிலோவாற் போதும். ஆகவே குழாய் வாங்கும் முன்னர் உட்கூரை போடுங்கள். வெப்பத்தைத் தேடுவதைவிட இருப்பதைக் காப்பது மலிவு.

கவனிக்க வேண்டியவை

1. இயந்திரத்தின் புகையையோ உலையின் புகையையோ ஒருபோதும் அறைக்குள் விடலாகாது. அதிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. உறங்குபவரை உறக்கத்திலேயே கொல்லும். கட்டடத்துக்குள் வரவேண்டியது சுடுநீர் மட்டுமே. மின்பிறப்பாக்கி நிற்கும் அறைக்குள் குளிர்காய இருப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

2. புகைபோக்கியில் நீர்க்குழாய்ச் சுருள் பொருத்தினால், அதனோடு இணைந்த தாங்கி மேலே காற்றுக்குத் திறந்ததாக இருக்கவேண்டும். மூடிய குழாயில் நீராவி அடைபட்டால் அது வெடிக்கும். தாங்கி சுருளைவிட உயரத்தில் இருந்தால் சுடுநீர் தானாகவே மேலேறும், பம்பி தேவையில்லை.

3. புகையை அளவுக்கு மீறிக் குளிர்விக்கலாகாது. ஈர விறகின் கீல் புகைபோக்கியில் படியும்; உலையின் இழுவை குறையும்; தேயிலையின் தரமும் கெடும். நிர்வாகம் முதலில் அஞ்சுவது இதற்கே. ஆகவே தொழிற்சாலைப் பொறியியலாளரின் ஒப்புதலின்றி எதையும் தொடக்கூடாது.

4. 60 பாகை நீர் குழந்தையின் தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். குளிக்கும் இடத்திற்குக் குளிர்நீர் கலந்தே வரவேண்டும்.

5. குழாயில் கசிவு ஏற்பட்டால் யார் திருத்துவது, செலவை யார் தருவது என்பதைத் தொடங்கும் முன்னரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சங்கம் இல்லாத இடத்தில் குழாய் நிலைக்காது.

முடிவாக

தோட்டத்தில் புதிதாக ஒரு பிள்ளைக்காம்பராவோ மருந்தகமோ கட்டப்படும்போது, காணி கிடைத்த இடத்தில் அத்திவாரம் வெட்டுவதே வழக்கமாக உள்ளது. தொழிற்சாலையின் இரைச்சலுக்கும் புகைக்கும் விலகி, வெப்பம் எட்டும் தூரத்தில் இடம் உண்டா என்று அப்போது எவரும் கேட்பதில்லை. சீமெந்து இறுகிய பின்னர் கேட்டுப் பயனில்லை.

ஆகவே மாதர் சங்கங்களும் தோட்டக் குழுக்களும் தமது அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைப் பேசும்படி வேண்டுகின்றோம். எமது தோட்டத்தில் நாள்தோறும் வெப்பத்தை வெளிவிடும் இடம் எது? அதிலிருந்து நூறு மீற்றருக்குள் பொதுக் கட்டடம் ஏதும் உண்டா, அல்லது கட்ட இடமுண்டா? குளிரால் கூடுதலாக வருந்துபவர் யார்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அதை ஒரு தாளில் வரைந்து, தோட்ட நிர்வாகத்திடம் கூட்டாகச் செல்லுங்கள். கேட்கப்போவது காசல்ல, புகைபோக்கி வழியே போகும் வெப்பத்தில் ஒரு பங்கு.