அகதியாக வந்த அட்சரகணிதம்

1933ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஜேர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்து மூன்று மாதங்கள் கூட ஆகவில்லை. யூதர்களை அரசாங்க வேலைகளிலிருந்து நீக்குவதற்கான சட்டம் 7ஆம் திகதி வெளிவந்தது. அந்த மாதம் முடிவதற்குள், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த 51 வயதுப் பெண்மணி ஒருவர் வகுப்பெடுக்கத் தடை விதிக்கப்பட்டார். அவர் பெயர் எமி நோத்தர்.

வேலையை விட்டு, வீட்டை விட்டு, நாட்டை விட்டு வந்தவர்கள் நாம். அந்த அளவில் இது எமக்குப் புதிய கதையல்ல. ஆனால் இக்கதையின் ஒரு கிளை நாம் குடியிருக்கும் இதே ரொறன்ரோவுக்கும், இன்னொரு கிளை தமிழகத்தில் பிறந்த ஒரு பெண்ணிடமும் வந்து சேர்ந்திருக்கிறது என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

சம்பளமில்லாத விரிவுரையாளர்

எமி நோத்தர் 1882இல் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை மாக்ஸ் நோத்தர் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். ஆனால் அங்கே பெண்கள் மாணவராகப் பதிய முடியாது. எனவே பெண்கள் பாடசாலைகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிப்பதற்கான பரீட்சையை 1900இல் எழுதிச் சித்தியடைந்தார். பின்னர் மனம் கணிதத்தின் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி கேட்டு வகுப்புகளில் இருந்து கேட்டார். 1904இல் விதி மாறியது. 1907இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. ஏழு வருடங்கள் எர்லாங்கனில் சம்பளமின்றி ஆய்வு செய்தார். தந்தைக்கு உடல்நலம் சரியில்லாதபோது அவருக்குப் பதிலாக வகுப்பும் எடுத்தார்.

1915இல் அக்காலத்தின் தலைசிறந்த கணித மேதைகளான ஹில்பேர்ட்டும் கிளைனும் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தார்கள். ஏனைய பேராசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள். போர்முனையிலிருந்து திரும்பும் எமது வீரர்கள் ஒரு பெண்ணின் காலடியில் இருந்து படிப்பதா என்பது அவர்கள் கேள்வி. இது பல்கலைக்கழகமா, குளிக்கும் இடமா என்று ஹில்பேர்ட் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டும் பயனில்லை. நான்கு வருடங்கள் வகுப்புகள் ஹில்பேர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன, படிப்பித்தவர் நோத்தர். 1919இல்தான் சொந்தப் பெயரில் விரிவுரை செய்ய அனுமதி கிடைத்தது. 1922இல் பேராசிரியர் என்ற பட்டம் வந்தது, சம்பளம் வரவில்லை. சிறு தொகை கிடைக்கத் தொடங்கியது 1923இல்தான்.

இத்தனைக்கும் நடுவில், 1918இல் அவர் வெளியிட்ட ஒரு தேற்றம் இன்றுவரை பௌதிகத்தின் அடித்தளங்களில் ஒன்றாக இருக்கிறது. இயற்கையின் விதி இன்றைக்கும் நாளைக்கும் ஒன்றாக இருப்பதால்தான் சக்தி அழியாமல் காக்கப்படுகிறது என்பது போன்ற தொடர்பை அவர் நிறுவிக் காட்டினார்.

எண் அல்ல, விதி

நாம் பாடசாலையில் படித்த அட்சரகணிதம் தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை வைத்து அதன் பெறுமதியைக் கண்டுபிடிப்பது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்தே ‘அல்ஜிப்ரா’ என்ற சொல் வந்தது. ஆயிரம் வருடங்களாகச் சமன்பாடு தீர்ப்பதுதான் அதன் வேலை. இருபடிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் உண்டு. மூன்றாம் படிக்கும் நாலாம் படிக்கும் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் சூத்திரம் கண்டார்கள். ஐந்தாம் படிக்கு அப்படி ஒரு பொதுச் சூத்திரம் இருக்கவே முடியாது என்று 1824இல் நோர்வேயைச் சேர்ந்த ஏபெல் நிறுவினார். அது ஏன் என்று விளக்கியவர் பிரான்சின் கலுவா. துப்பாக்கிச் சண்டை ஒன்றில் 1832இல் 20 வயதிலேயே இறந்துபோனார். அவர் எண்களைப் பார்க்கவில்லை. விடைகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினால் என்ன நடக்கும் என்று பார்த்தார். புதிய அட்சரகணிதம் அங்கேதான் முளைவிட்டது.

இரவு வேலை செய்பவர்களுக்கு ஒரு கணக்கு. பதினொரு மணிக்குத் தொடங்கி எட்டு மணித்தியாலம் வேலை. முடிவது ஏழு மணிக்கு. அதாவது மணிக்கூட்டில் 11 உம் 8 உம் சேர்ந்தால் 7. இப்போது நாலு பக்கமும் ஒரே மாதிரியான ஒரு கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கால் சுற்றுத் திருப்பினாலும் முன்போலவே இருக்கும். இரண்டு கால் சுற்று, பிறகு மூன்று கால் சுற்றுத் திருப்பினால், ஒரு கால் சுற்றுத் திருப்பியதற்குச் சமம். நாலு மணி மட்டுமே உள்ள மணிக்கூடு ஒன்று இருந்தால் அதிலும் 2 உம் 3 உம் சேர்ந்தால் 1 தான். மணிக்கூட்டுக்கும் கோலத்துக்கும் என்ன சம்பந்தம்? பொருள் வேறு, விதி ஒன்று. ஒன்றைப் பற்றி நிறுவியது மற்றதற்கும் அப்படியே பொருந்தும்.

எல்லா இடத்திலும் பழைய விதிகள் செல்லும் என்றும் இல்லை. தகட்டில் துளை போட்டுவிட்டு வளைப்பதும், வளைத்துவிட்டுத் துளை போடுவதும் ஒன்றல்ல என்பது தொழிற்சாலையில் நிற்பவருக்குத் தெரியும். வரிசை மாறினால் விடை மாறும். பெருக்கலிலும் இப்படி வரிசை மாறினால் விடை மாறும் எண் முறை ஒன்றை 1843இல் அயர்லாந்தின் ஹமில்ரன் கண்டுபிடித்தார்.

இப்படித் துண்டு துண்டாகக் கிடந்தவற்றை ஒரே பார்வைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் நோத்தர். 1921இல் வெளிவந்த அவரது ஆய்வின் சாரத்தை ஓர் உதாரணத்தால் சொல்லலாம். 360ஐ எடுங்கள். அதை மீதியின்றி வகுக்கும் சிறிய எண் ஒன்று, அதை வகுக்கும் இன்னொன்று என்று இறங்குங்கள். 360, 180, 60, 12, 4, 2, 1. எந்த வழியால் போனாலும் எங்கோ ஓரிடத்தில் நின்றாக வேண்டும். ‘நின்றாக வேண்டும்’ என்ற இந்த ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டு, எண்களே இல்லாத இடங்களிலும் பெரிய தேற்றங்களை நிறுவலாம் என்று அவர் காட்டினார். இந்த விதிக்கு அடங்கும் அமைப்புகளுக்கு இன்றும் ‘நோத்தேரியன்’ என்றே பெயர்.

அவரிடமும் ஆர்ட்டின் என்பவரிடமும் கேட்ட விரிவுரைகளை அடிப்படையாக வைத்து ஒல்லாந்தரான வான் டெர் வார்டன் 1930, 1931இல் வெளியிட்ட ‘நவீன அட்சரகணிதம்’ என்ற நூல்தான் பின்னர் உலகெங்கும் இப்பாடம் கற்பிக்கப்பட்ட முறையைத் தீர்மானித்தது.

ரொறன்ரோவுக்கு வந்த கிளை

வகுப்பெடுக்கத் தடை வந்த பின்பும் நோத்தர் தனது வீட்டுக்கு மாணவர்களை வரவழைத்துப் படிப்பித்தார். 1933 முடிவதற்குள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பிறின் மோர் பெண்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அவரது தம்பி பிறிற்ஸும் கணித அறிஞர்தான். அவர் அடைக்கலம் தேடிச் சோவியத் நாட்டின் தொம்ஸ்க் நகருக்குப் போனார். அங்கே 1937இல் கைது செய்யப்பட்டு 1941இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று 1988இல் நீதிமன்றம் அறிவித்தது.

நோத்தரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர்களில் ஒருவர் பேர்லினைச் சேர்ந்த றிச்சார்ட் பிரௌவர். வரிசை மாறினால் விடை மாறும், ஆனால் வகுத்தலும் செய்யக்கூடிய எண் முறைகளைப் பற்றி இவ்விருவரும் ஹாஸ என்பவரும் நிறுவிய தேற்றம் 1932இல் வெளிவந்தது. அது இன்றும் மூவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. யூதரான பிரௌவரும் 1933இல் வேலை இழந்தார். கென்ரக்கியில் ஒரு வருடம், பிறின்ஸ்ரனில் ஒரு வருடம் என்று தற்காலிக வேலைகளில் காலத்தைக் கழித்தார். 1935 இலையுதிர் காலத்தில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. நோத்தரின் சிபார்சே இதற்கு முக்கிய காரணம் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பிரௌவர் இங்கு வந்து சேர்ந்தபோது சிபார்சு செய்தவர் உயிரோடு இல்லை. சத்திரசிகிச்சை ஒன்றின் பின் 1935 ஏப்ரல் 14ஆம் திகதி தனது 53ஆவது வயதில் நோத்தர் காலமானார். தனக்கே நிரந்தர வேலை இல்லாத ஓர் அகதி இன்னோர் அகதிக்குச் சொன்ன நல்ல வார்த்தை அது.

பிரௌவர் 1948 வரை 13 வருடங்கள் இந்நகரில் இருந்தார். அவரது மிக முக்கியமான ஆய்வுகள் சில இங்கேதான் பிறந்தன. ஜேர்மனியில் தங்கிவிட்ட அவரது சகோதரி அலிஸ் நாஸிகளின் முகாமில் கொல்லப்பட்டார். ரொறன்ரோவில் அவரிடம் கலாநிதிப் பட்டம் பெற்ற செசில் நெஸ்பிற் பின்னர் காப்புறுதிக் கணிதத்தில் புகழ் பெற்றார். ‘இந்தக் கணக்கைப் படித்து என்ன வேலைக்குப் போவது?’ என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே பல்கலைக்கழகத்தில் 1930இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் செசிலியா கிறீகர். போலந்திலிருந்து 1920இல் குடும்பத்தோடு ரொறன்ரோ வந்த யூதப் பெண். கனடியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதற் பெண் அவர்தான். கனடியக் கணிதச் சங்கம் பெண் ஆய்வாளர்களுக்கு 1995 முதல் வழங்கிவரும் பரிசு அவர் பெயரையும், ஹமில்ரனில் அட்சரகணித ஆய்வு செய்து 1987இல் மறைந்த எவலின் நெல்சனின் பெயரையும் சேர்த்து வைக்கப்பட்டது.

தமிழ்ப் பெண்ணிடம் வந்த கிளை

இராமன் பரிமளா 1948இல் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். சென்னை ஸ்ரெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்தார். பின் பம்பாயில் உள்ள ராட்டா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, 1976இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது துறை அட்சரகணிதம். நோத்தரும் பிரௌவரும் ஹாஸவும் ஆராய்ந்த அதே வகை எண் முறைகளும் இருபடி வடிவங்களும்தான் அவர் ஆய்வின் மையம்.

பெரிய கேள்வி ஒன்றைப் பல சிறு கேள்விகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு சிறு கேள்விக்கும் விடை இருந்தால், முழுக் கேள்விக்கும் விடை இருக்குமா? சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் இராது. இதை ‘ஹாஸ கோட்பாடு’ என்பார்கள். இது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தேடுவது பரிமளா செய்துவரும் ஆய்வுகளில் ஒன்று.

1987இல் இந்தியாவின் பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2005இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2010இல் ஹைதராபாத்தில் கூடிய உலகக் கணித மாநாட்டில் முழுச்சபை உரை ஆற்றினார். அம்மாநாடுகளில் அப்படிப்பட்ட உரை ஆற்றிய முதற் பெண் எமி நோத்தர், 1932இல் சூரிச்சில். 2013இல் சன் டியாகோவில் பரிமளா நிகழ்த்திய உரைக்கு ‘நோத்தர் விரிவுரை’ என்றே பெயர். கணிதத்தில் பெண்களுக்கான சங்கம் 1980 முதல் வருடந்தோறும் நடத்திவரும் உரை அது. அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஹாஸ கோட்பாடு.

நம் வீடுகளில்

எமது தொழிற்சாலைகளில் பக்கத்து மெசினில் நிற்பவர் ஊரில் கணித ஆசிரியராக இருந்தவராக இருக்கலாம். அவருடைய பத்திரங்களை இங்கே ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் அவர் படித்தது அவரை விட்டுப் போகவில்லை. மாலையில் ஒரு மணித்தியாலம் எமது பிள்ளைகளோடு இருந்து சொல்லிக் கொடுக்கச் சொல்லி அவரைக் கேட்கலாம். நோத்தர் வேலை போன பிறகும் வீட்டில் வைத்துச் செய்தது அதைத்தான்.

உயர்நிலைப் பாடசாலையில் அடுத்த வருடத்துக்கான பாடங்களைத் தெரிவு செய்யும் பத்திரம் குளிர்காலத்தில் வீட்டுக்கு வரும். டாக்டர், இஞ்சினியர் என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அதை நிரப்ப வேண்டாம். மகள் கணிதத்தை விரும்பிக் கேட்டால், ‘பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு?’ என்ற கேள்வியை நாம் கேட்க வேண்டியதில்லை. கோட்டிங்கன் பேராசிரியர்கள் 1915இலேயே அதைக் கேட்டு முடித்துவிட்டார்கள்.