ஆட்டம் படமான கதை

தமிழில் ‘ஆடு’ என்னும் வினைக்குள்ள பரப்புப் பெரிது. பந்தாடுகிறோம், ஊஞ்சலாடுகிறோம், சூதாடுகிறோம், கூத்தும் ஆடுகிறோம். பகடை உருட்டுபவனும் அரங்கிலே சதங்கை ஒலிக்க நிற்பவனும் ஒரே வினையைத்தான் செய்கின்றனர் என்பது நம் மொழியின் தீர்ப்பு. அத்தீர்ப்பின் நுட்பத்தை அண்மையில் நான் கண்ட ஆங்கிலப் படமொன்று நன்கு விளக்கிற்று.

2023ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஹானர் அமாங் தீவ்ஸ்’. கள்வரிடையே நிலவும் மானத்தைப் பேசுவது. ஜோன் பிரான்சிஸ் டேலி, ஜொனதன் கோல்ட்ஸ்டைன் என்னும் இருவர் நெறிப்படுத்தியது. நாவலோ நாடகமோ இதற்கு மூலமாக இல்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஓர் ஆட்டமே மூலம். அவ்வாட்டத்தை 1974இல் அமெரிக்காவிலே கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்போர் வெளியிட்டனர். தாள், பென்சில், பல முகமுடைய பகடைகள் ஆகியவையே கருவிகள். அவற்றுள் இருபது முகப் பகடை தலையாயது. ஆடுவோர் ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஒரு வேடம் பூணுவர். ஒருவர் மட்டும் வேடமின்றி இருந்து, காடும் குகையும் அரக்கரும் நிறைந்த உலகைச் சொல்லாற் படைத்துக் காட்டி, “இனி என் செய்வீர்?” என வினவுவார். விடையைச் செய்கையாக்குவது பகடை. (டிராகனை இந்நாளில் ‘பறவைநாகம்’ என்கின்றனர். நம் கோயிற்றூண்களில் யாளி இருக்க, இரவற் பூதத்துக்குப் புதுப்பெயர் தேடுகிறோம். அது கிடக்க.)

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கைக்குரிய நிலைக்களன்கள் நான்கு கூறுவார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். மாயக்கதைப் படங்கள் எல்லாம் இந்நான்கினையும் நம்பியே பிழைக்கின்றன. ஆனால் ‘விளையாட்டு’ என்பதை அவர் மருட்கையின் கீழ் வைத்திலர். உவகையின் கீழ் வைத்தார். ஆகவே மாய ஆட்டமொன்றைப் படமாக்க முற்படுவோன் இரண்டு மெய்ப்பாடுகளை ஒருங்கே தரவேண்டியவனாகிறான். 2000ஆம் ஆண்டில் இதே ஆட்டத்தை வைத்துக் கோட்னி சாலமன் எடுத்த படம் மருட்கை ஒன்றையே நாடி, பறவைநாகங்களை வானெங்கும் பறக்கவிட்டுத் தோற்றது. பின்வந்த படமோ விளையாட்டையும் உடன் வைத்திருந்தது.

சான்றாக இரண்டு காட்சிகள். மந்திரத்தால் எழுப்பப்பட்ட பிணம் ஐந்து வினாக்களுக்கே விடைகூறும் என்பது விதி. கதைமாந்தர் இடுகாட்டிலே நின்று வீண்கேள்விகளைக் கேட்டு வினாக்களை விரயமாக்குகின்றனர். ஒரு பிணத்துக்கு ஒரு வினா எஞ்சிவிட, அது இறுதியிலும் யாராவது வந்து கேட்பாரோ எனக் காத்துக் கிடக்கிறது. மற்றோரிடத்தில், பொறி வைத்த பாலத்தைக் கடக்கும் முறையை ஒருவன் விரிவாக விளக்கிக்கொண்டிருக்க, இன்னொருவன் கால் தவறிப்பட்டுப் பாலமே இடிந்து வீழ்கிறது. உடனே புதுவழி தேடவேண்டும். பகடை கைவிட்ட ஆட்டக்காரனது முகவாட்டத்தையும் மறுகணமே அவன் கொள்ளும் ஊக்கத்தையும் இவ்விடங்களிற் காணலாம். மேசை மறைந்தும் ஆட்டம் மறையவில்லை.

நிற்க. எம் மன்னாரிலும் வேடம் பூண்டு ஊர்கூடி ஆடிய மாயக்கதை ஒன்று படமாயிற்று. அதுதான் ஞானசவுந்தரி கதை. மாற்றாந்தாய் லேனாளின் வஞ்சத்தால் கையிரண்டும் வெட்டுண்டு காட்டில் விடப்படும் அரசகுமாரி. அவளைக் கண்டு மணக்கும் பிலவேந்திரன். மாற்றி எழுதப்பட்ட திருமுகங்களால் மீண்டும் காடு. தேவமாதாவின் அருளால் இழந்த கைகள் தளிர்த்தல். இக்கதையின் உறவினர் ஐரோப்பா எங்கும் உளர். 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காப்பியமாகிய ‘லா மனெக்கின்’, ஜேர்மன் நாட்டுக் கிரிம் உடன்பிறந்தார் தொகுத்த கையிலாப் பெண்ணின் கதை ஆகியன அவ்வினத்தன. கத்தோலிக்க சமயத்தோடு தமிழ்நிலம் புகுந்த கதை, மாதோட்டத்துப் புலவர் கையில் தருவும் விருத்தமுமாக உருமாறிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதி ஏடுகளிலிருந்து எண்டிறிக்கு எம்பரதோர் நாடகத்தை 1964இலும் ஞானசவுந்தரி நாடகத்தை 1967இலும் பதிப்பித்து உதவினார். ‘எம்பரதோர்’ என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். அது வெண்பாவுக்குள்ளும் கூசாது வந்து அமர்வதைக் கண்டு நான் வியந்ததுண்டு.

தமிழகத்திலும் நவாப் இராசமாணிக்கம் குழுவினர் முதலியோர் இக்கதையை மேடையேற்றினர். 1935இல் ஒரு படம் வந்தது. 1948இலோ ஒரே ஆண்டில் இரண்டு படங்கள்! சிற்றாடல் நிறுவனத்தார் எடுத்ததில் எம். வி. இராசம்மாவும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்தனர். அது பெருவெற்றி பெற்றது. சில வாரங்களின் பின் ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் தம் படத்தை வெளியிட்டு, வரவேற்பின்மை கண்டு திரும்பப் பெற்றுக்கொண்டார். வென்ற படத்திலே தேவமாதாவை வேண்டும் பாடலொன்று உளது. ஜிக்கியின் குரலிற் சிறுமியாகத் தொடங்குபவள், பி. ஏ. பெரியநாயகியின் குரலிற் கன்னியாக வளர்ந்து நிற்கிறாள். பல்லாண்டுகளை ஒரு பாட்டுக்குள் அடக்கும் இவ்வித்தை படத்துக்கே உரியது. அதனை நான் மனமார மெச்சுவேன்.

ஆயினும் கை தளிர்க்கும் காட்சிக்கு வாருங்கள். திரையில் அது ஒளிப்பதிவின் சூழ்ச்சி. நாம் மருள்கிறோம், அவ்வளவே. நாடகத்திலோ, முன்னாளில், ஞானசவுந்தரியாக நிற்பவன் நாலாம் வீட்டு இளைஞன். சேலைக்குள்ளே அவனுக்குக் கை உண்டென்பது சபைக்குத் தெரியும். அன்று காலை அக்கை வலை இழுத்ததும் தெரியும். தெரிந்தும் தாய்மார் அழுவர். இங்கே கைகள் மீள்வதற்குச் சபையினர் அனைவரும் உடந்தை. அறிந்தே மயங்கும் இவ்வுடன்பாட்டைத்தான் விளையாட்டு என்கிறேன்.

‘கூத்துக்கு முடிவு முன்னரே எழுதப்பட்டுளது, பகடை ஆட்டத்துக்கு அஃதில்லையே, இரண்டும் எங்ஙனம் ஒக்கும்?’ என்று வினவலாம். தக்க வினாவே. முடிவு அறியாமை ஒன்றே ஆட்டமாயின் நான் விட்டுக்கொடுப்பேன். ஆனால் வரவுப் பாட்டைக் கவனியுங்கள். அரங்கேறும் அரசன் தன் பெயரையும் பெருமையையும் தானே பாடி, இன்னான் வந்தேன் என அறிவித்த பின்னரே அரசனாகிறான். மேசையாட்டக்காரன் தாளிலே தன் வேடத்தை எழுதி அறிவிப்பதும் அதுவே. வேடமின்றி நின்று அனைவரையும் நடத்துபவர் அங்கே ஒருவர். இங்கே கொப்பியும் தாளமுமாக அண்ணாவியார். பாட்டு மறந்தவனுக்கு அடியெடுத்துக் கொடுப்பதும் சுருக்குவதும் விரிப்பதும் அவர் கையில்.

வேற்றுமை பெரிதாக உள்ள இடம் வேறு. படத்துக்கு ஒரு சுருள் போதும். இன்று கைப்பேசியே போதும். கூத்துக்கு ஓர் ஊர் வேண்டும். 1990இல் மன்னார்த் தீவினர் பலர் படகேறி இராமேசுவரக் கரை சேர்ந்தனர்; அவ்வாண்டு ஒற்றோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டனர்; 2007, 2008ஆம் ஆண்டுகளிற் பெருநிலக் கரையோரத்து ஊர்களும் பெயர்ந்தன. அரசன் ஓர் அகதிமுகாமிலும் மந்திரி மற்றொன்றிலும் இருக்க, நாடகம் எங்கே ஆடுவது? கொப்பி தப்பினாலும் தாளக்கட்டை அறிந்தவர் தப்பவேண்டுமே. என் வகுப்பு மாணவருட் சிலருக்கு 1948ஆம் ஆண்டுப் பாடல் மனப்பாடம். மாதோட்டப் பாங்கில் ஒரு விருத்தமேனும் பாடத் தெரிந்தவர் அரியர். படத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. அது கதையைக் காத்தது. ஆட்டத்தைக் காப்பது அதன் வேலையன்று.

சென்ற தவணையில் ஞானசவுந்தரி நாடகத்தின் சில பகுதிகளை வகுப்பில் ஆடிப்பார்க்க முற்பட்டோம். தாளத்துக்கு முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். வேடம் பகிர்ந்தபோது பிலவேந்திரனாக ஒருவரும் முன்வரவில்லை. லேனாளாவதற்கு மட்டும் நால்வர் போட்டியிட்டனர். அவருள் ஒருவர், தம் பாட்டனார் அவ்வேடம் தரித்தவர் என்றும், மறுநாட் காலையிற் சந்தைக்குப் போனபோது மீன்காரி அவருக்கு மீன் விற்க மறுத்தாள் என்றும் உரிமை கொண்டாடினார். அவருக்கே கொடுத்தோம்.