வேட்டைக்காரர்கள் வாங்கிய குட்டைகள்

அமெரிக்காவில் வாத்து சுடப் போகிறவருக்குத் துப்பாக்கியும் மாநில அரசின் உரிமமும் மட்டும் போதாது. 16 வயது நிரம்பியவர் என்றால் 25 டாலர் கொடுத்து ஒரு வில்லையும் வாங்க வேண்டும். பார்ப்பதற்குத் தபால்தலை போலவே இருக்கும். ஆனால் அதை ஒட்டிக் கடிதம் அனுப்ப முடியாது. அதில் ஏதாவதொரு நீர்ப்பறவையின் ஓவியம் அச்சாகியிருக்கும். காகித வில்லை என்றால் படத்தின் குறுக்கே மையால் கையெழுத்துப் போட்டால்தான் வேட்டைக்குச் செல்லும். ‘டக் ஸ்டாம்ப்’ என்று அழைக்கப்படும் இந்த வில்லையில் வசூலாகும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட், ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. 1934 முதல் இப்படிக் காப்பாற்றப்பட்ட நிலம் ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர்.

பறவையைச் சுட்டு மகிழ்கிறவரின் காசில் அந்தப் பறவைக்கு வீடு அமைகிறது. உயிர்களிடம் பரிவுள்ள யாருக்கும் இதை ஏற்பது எளிதல்ல. ஆனாலும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். நீர்ப்பறவைகளை அழிப்பதில் துப்பாக்கியை விட வலிய கருவி வாய்க்கால் வெட்டும் மண்வெட்டிதான் என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் வேட்டைக்காரர்கள் இருந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. சந்தைக்காகவே வாத்து சுடுவது அன்று ஒரு தொழில். செசபீக் விரிகுடாவில் படகோடு பிணைத்த ராட்சதத் துப்பாக்கிகளால், நீரில் கூட்டமாக உறங்கும் வாத்துகளை ஒரே வெடியில் டஜன் கணக்கில் வீழ்த்தினார்கள். 1916இல் கனடாவுக்காகப் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தமும், அதையொட்டி 1918இல் வந்த வலசைப் பறவைகள் சட்டமும் அந்த வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. துப்பாக்கிக்குக் கடிவாளம் விழுந்தது. ஆனால் தண்ணீர் வற்றிக்கொண்டே போனது. விளைநிலத்துக்காகச் சதுப்புகளை வடித்துக்கொண்டிருந்த நேரத்தில் 1930களின் கொடும் வறட்சியும் சேர்ந்துகொள்ள, வானில் வாத்துக் கூட்டங்கள் மெலிந்தன.

1934இல், வாத்துகளை மீட்க வழி தேடி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அமைத்த மூவர் குழுவில், சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்டோடு ‘டிங்’ டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரரும் இருந்தார். அயோவாக்காரர், புலிட்சர் பரிசு பெற்றவர், தானும் ஒரு வாத்து வேட்டைக்காரர். ரூஸ்வெல்ட்டின் கொள்கைகளைப் படம் போட்டுத் தாக்கியவரும்கூட. அவரையே அரசின் உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராக்கினார் ரூஸ்வெல்ட். முதல் வில்லைக்கு, நீரில் இறங்கும் மல்லார்டு வாத்து இணையை வரைந்ததும் டார்லிங்தான். விலை ஒரு டாலர். முதலாண்டில் 6,35,001 வில்லைகள் விற்றன. 1935இல், உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து மற்றவற்றை வரவழைப்பதும், தானியம் தூவி இழுத்துச் சுடுவதும் தடைசெய்யப்பட்டன.

அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்பதில்தான் அறிவியல் வருகிறது.

டகோட்டா மாநிலங்கள், மினசோட்டா, அயோவா, மொன்டானா, எல்லைக்கு அப்பால் கனடாவின் மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா. இந்தப் புல்வெளி நாட்டில் பனியூழியின் பனிப்பாளங்கள் பின்வாங்கியபோது லட்சக்கணக்கான பள்ளங்களை விட்டுச் சென்றன. பெரும்பாலானவை ஓர் ஏக்கர்கூடத் தேறாத குட்டைகள். வசந்தத்தில் பனி உருகி நிரம்பும். பல குட்டைகள் கோடை முடிவதற்குள் காய்ந்துவிடும். வட அமெரிக்க வாத்துகளில் ஏறக்குறையப் பாதி பிறப்பது இங்கேதான்.

பெரிய ஏரி இருக்க, இந்தச் சின்னக் குட்டை எதற்கு? ஆழமில்லாத நீர் முதலில் சூடேறும். அதில் கொசுப்புழு போன்ற நீர்ப்பூச்சிகளும் நத்தைகளும் சீக்கிரமே பெருகும். பத்து முட்டை வரை இட வேண்டிய பெட்டைக்கு அந்தப் புரதம் உடனே தேவை. இன்னொன்று, இனப்பெருக்கக் காலத்தில் ஜோடி வாத்துகள் தங்கள் இனத்தின் இன்னொரு ஜோடியைப் பக்கத்தில் அண்டவிடாது. அதனால் பத்து ஏக்கர் ஏரி ஒன்றை விட, ஓர் ஏக்கர் குட்டைகள் பத்து அதிக ஜோடிகளைத் தாங்கும். குட்டை அவ்வப்போது காய்வதும் நல்லதே. காய்ந்த சேற்றில் மக்கும் சத்துகள் அடுத்த வெள்ளத்தில் உயிர்ப்பெருக்கமாக மாறுகின்றன. உழவரின் கண்ணுக்கு டிராக்டரை மறிக்கும் சேற்றுப்பள்ளம். நிலத்தடியில் துளையிட்ட குழாய் பதித்தால் ஒரே பருவத்தில் போய்விடும். அயோவா தன் புல்வெளிக் குட்டைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்தது இப்படித்தான்.

1937இல் வேட்டைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய ‘டக்ஸ் அன்லிமிடெட்’ அமைப்பு, அமெரிக்காவில் திரட்டிய பணத்தைக் கனடாவில் செலவிட்டது. வாத்துகள் பல பிறப்பது கனடாவில், சுடப்படுவது அமெரிக்காவில் என்பதால் அது சரியான முடிவு. 1938இல் மானிட்டோபாவின் பிக் கிராஸ் சதுப்பில் ஆரம்பித்த வேலை இன்று வட அமெரிக்கா முழுவதுமாக 1.5 கோடி ஏக்கரைத் தாண்டியிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்திலும் இத்தகைய அமைப்புகளின் குரல் எடுபட்டது. ஈரநிலத்தை வடித்துப் பயிரிடுபவருக்கு அரசு மானியம் கிடையாது என்றது 1985இன் வேளாண் சட்டம். வில்லையின் விலை 15 டாலரிலிருந்து 25 ஆக உயர்ந்தது 2015இல். அந்த உயர்வுக்கான சட்டத்தை ஆதரித்து வாதாடியது, கட்ட வேண்டிய வேட்டைக்காரர்களின் சங்கங்களேதான். தன் மீது விழும் வரியை உயர்த்தச் சொல்லும் கூட்டத்தை அரசியலில் அடிக்கடி பார்க்க முடியாது.

வேட்டைக்காரர்கள் ஆய்வுக்கும் உதவுகிறார்கள். சுட்ட பறவையின் காலில் அலுமினிய வளையம் இருந்தால், அதன் எண்ணைத் தெரிவிக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் சுட்ட ஒவ்வொரு வாத்தின் ஒரு சிறகையும் உறையிலிட்டு அஞ்சலில் அனுப்புகிறார்கள். குளிர்காலத்தில் உயிரியலாளர்கள் நீள மேசைகளைச் சுற்றி நின்று, அந்தச் சிறகுகளின் நிறத்தையும் தேய்மானத்தையும் பார்த்து, இது ஆணா பெண்ணா, இந்த ஆண்டுக் குஞ்சா மூத்ததா என்று பிரிக்கிறார்கள். இளசு எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்ற விகிதம் அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடும். 1955 முதல் விமானத்தில் பறந்தும் வாத்துகளையும் குட்டைகளையும் எண்ணுகிறார்கள். எத்தனை நாள் வேட்டை, ஆளுக்கு எத்தனை பறவை என்பது இந்தக் கணக்குகளை வைத்தே முடிவாகிறது.

எல்லாவற்றிலும் அவர்கள் சரியான பக்கம் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. ஈய ரவை அதற்குச் சாட்சி. வாத்துக்குப் பல் இல்லை; விழுங்கிய விதையை அரைக்கச் சிறு கற்களையும் சேர்த்து விழுங்கும். சேற்றில் சிதறிக் கிடக்கும் ரவையும் அதன் கண்ணுக்குக் கல்தான். அரைவைப்பையின் தசை ரவையைத் தேய்க்க, அமிலம் கரைக்க, ஈயம் இரத்தத்தில் கலக்கும். சிறகுகள் தொங்கி, பறக்க முடியாமல் மெலிந்து சாகும். அதைத் தின்னும் வெண்தலைக் கழுகையும் அந்த நஞ்சு விடாது. இது நன்கு தெரிந்த பிறகும், எஃகு ரவை துப்பாக்கியைக் கெடுக்கும், பறவையைக் காயப்படுத்தித் தப்பவிடும் என்று வேட்டைக்காரர்களில் ஒரு பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் எதிர்த்தது. வழக்குகளுக்குப் பிறகே 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்கு நாடு தழுவிய தடை வந்தது. மிசிசிப்பி வலசைப் பாதையில் பின்னர் நடந்த ஓர் ஆய்வு, மல்லார்டுகளின் ஈயச் சாவு 64 சதவீதம் குறைந்ததாகக் கணித்தது.

2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, 1970 முதல் வட அமெரிக்கா சுமார் 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்றது. புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் போய்விட்டன. அதே காலத்தில் நீர்ப்பறவைகள் 56 சதவீதம் கூடியிருந்தன. பணமும் சட்டமும் போன இடத்தில் பறவை பெருகியது. போகாத இடத்தில் குறைந்தது.

வாத்துகளிலும் எல்லாம் தேறவில்லை. ஊசிவால் வாத்து, நம் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் வருகிற அதே இனம், அங்கே முன்னைய எண்ணிக்கைக்குத் திரும்பவே இல்லை. வசந்தம் பிறந்ததும் போன ஆண்டின் அறுவடைத் தாள் நிற்கும் வயலில் அது முட்டையிடுகிறது. சில நாளில் ஏர் வருகிறது. வேட்டையைக் குறைத்தால் மட்டும் தீராத சிக்கல் இது.

இப்போது இரண்டு பக்கமிருந்தும் நெருக்கடி. 2023இல் சேக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த ஈரநிலங்களுக்கு மட்டுமே தூய நீர்ச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. வாத்துக் குட்டைகள் பெரும்பாலும் தனித்தனியே கிடப்பவை. இனி நிலத்தை வாங்குவதும், உழவருக்குப் பணம் கொடுத்து ‘இந்தக் குட்டையை வடிப்பதில்லை’ என்று நிரந்தரமாக எழுதி வாங்குவதுமே பெரும்பாலும் வழி. அதற்கான பணம் தருபவர்களோ குறைகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 24 லட்சம் வரை விற்ற வில்லை, அண்மை ஆண்டுகளில் 15 லட்சம் அளவில் நிற்கிறது.

அங்கே தொலைநோக்கியோடு பறவை பார்க்கப் போகிறவர்கள் வேட்டைக்காரர்களை விடப் பல மடங்கு அதிகம். அந்த வில்லையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கட்டணம் கேட்கும் தேசியக் காப்பிடங்களில் அதுவே நுழைவுச்சீட்டு. துப்பாக்கியைத் தொடாதவர்கள் அதை வாங்க வேண்டும். வேட்டை அறவே கூடாது என்பவர்கள் இன்னும் முந்திக்கொண்டு வாங்க வேண்டும்.