தலைக்கு மேல் ஒரு முதலீடு

பெங்களூரு பசவனகுடியில், பெரிய நந்தி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆண்டுதோறும் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையையொட்டி ‘கடலேகாய் பரிஷெ’ என்னும் நிலக்கடலைத் திருவிழா நடைபெறுகிறது. கர்நாடகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், அண்டை மாநிலங்களான தமிழ்நாடு, ஆந்திரத்திலிருந்தும் உழவர்களும் வணிகர்களும் கடலை மூட்டைகளுடன் வந்து கூடுகின்றனர். வடகிழக்குப் பருவமழை முற்றிலும் ஓய்ந்திராத காலம் அது. சாலையோரம் குவிக்கப்பட்ட கடலைக்கும் வானத்துக்கும் இடையே இருப்பது ஒரு தார்ப்பாய் மட்டுமே.

எமது வாடிக்கையாளர் ஒருவர் ஆண்டு முழுவதும் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். திருவிழா நாள்களில் கடலை விற்பார். ஓராண்டு இரவு மழையில் அவருடைய பந்தல் சரிந்து இரண்டு மூட்டைகள் நனைந்துவிட்டன. நனைந்த கடலையில் பூஞ்சை படரும். அதனால் உண்டாகும் அஃப்ளடாக்சின் நச்சு உடல்நலத்துக்குக் கேடு. ஆகவே அதைக் காயவைத்து விற்பதும் முறையன்று. கடன் தவணைக்கென எண்ணியிருந்த பணம் அம்மூட்டைகளோடு போயிற்று. இத்தனைக்கும் துணி புதியது, எங்கும் கிழியவில்லை. அதனைக் கட்டிய முறையில்தான் பிழை இருந்தது.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள பந்தலில் 20 மி.மீ. மழை தேங்கினால் 120 லிட்டர். அதாவது 120 கிலோ எடை. மூங்கிற்கழிகள் இச்சுமையைத் தாங்கா. எனவே ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 25 செ.மீ. வீதம் முன்விளிம்பு தாழ்ந்திருத்தல் வேண்டும். இரண்டு மீட்டர் அகலமெனில் அரை மீட்டர் சரிவு. துணியைத் தொய்வின்றி இழுத்துக் கட்டி, ஒரு மூலையை மேலும் சற்றுத் தாழ்த்தினால் நீர் அவ்வழியே வடிந்துவிடும். நைலான் கயிறு நனைந்தால் நெகிழும். பருத்திக் கயிறு இறுகும். ஆதலின் முதல் மழைக்குப் பின் முடிச்சுகளைச் சரிபார்ப்பது நல்லது. தேங்கிய நீரைக் கூர்முனைக் கழியால் குத்தித் தள்ளாமல், துணி சுற்றிய கழியால் மெல்ல உயர்த்தி வடிக்க வேண்டும்.

துணியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. பருத்திக் கித்தான் காற்றோட்டம் தரும். நனைந்தால் அதன் இழைகள் உப்பித் துளைகளை அடைக்கும். ஆயினும் ஈரத்தோடு மடித்தால் விரைவில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் எடை குறைந்தது, விலையும் குறைவு. ஆனால் வெயிலில் நாளடைவில் மொரமொரத்து உதிரும். பி.வி.சி. பூச்சுத் துணி கனமானது, நீண்டநாள் உழைப்பது. எதுவாயினும், ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் குறிக்கும் ஜி.எஸ்.எம். எண்ணையும், புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையா என்பதையும் கேட்டு வாங்குக.

பராமரிப்பில் முதல் விதி, ஈரத்துடன் மடிக்கலாகாது என்பதே. இரவில் வேறு வழியின்றி மடிக்க நேர்ந்தால், மறுநாள் காலையிலேயே விரித்து உலர்த்துக. மென்மையான தூரிகையும் வெறும் நீரும் தூய்மை செய்யப் போதுமானவை. கடும் சலவைத்தூள் கித்தானின் நீர்காப்பை நீக்கிவிடும். கயிறு கோக்கும் வளையங்களைச் சுற்றிச் சிறு கிழிசல் கண்டவுடனே தைத்துவிடுங்கள்.

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழைக்கு முன் திடீர்க் காற்று வீசும். அப்போது பந்தல் பாய்மரமாகிவிடும். காற்று எழும்போதே துணியை இறக்கிவிடுவது அறிவுடைமை. மின்கம்பத்தில் கயிறு கட்டுவதும், இரும்புக் குழாய்களை மின்கம்பிகளுக்கு அருகில் நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்து. அடுப்புக்கு மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். அது உருகி எரியும் துளிகளாகச் சொட்டும். விடுமுறையில் வண்டியோடு வெளியூர் சென்று முகாமிடுவோர் வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் பந்தலுக்கும் இவ்விதிகள் அனைத்தும் பொருந்தும். அதனை விரித்தபடி விட்டுவிட்டு ஊர்சுற்றச் செல்ல வேண்டாம்.

இனி வரவுசெலவு. எடுத்துக்காட்டாக, 3,000 ரூபாய்த் துணி ஓராண்டில் வீணானால் மாதச் செலவு 250 ரூபாய். அதே துணி மூன்றாண்டு உழைத்தால் ஏறத்தாழ 83 ரூபாய். 2020 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில், நகரத் தெருவோர வணிகர்கள் பிணையமின்றி முதற்கடனாக 10,000 ரூபாய் பெற்றுவந்தனர். 2025இல் அது 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகையில் பெரும்பகுதி சரக்காக மாறுகிறது. அச்சரக்கைக் காக்கும் துணிக்கும் கயிற்றுக்கும் தொடக்கத்திலேயே ஒரு சிறு பங்கை ஒதுக்கிவைப்பது, பின்னர் தவணை தவறாதிருக்க உதவும்.

மேற்குறிப்பிட்ட வாடிக்கையாளர் அடுத்த தவணையைத் தாமதமாகச் செலுத்தினார்; எஞ்சியவற்றைத் தவறாது கட்டி முடித்தார். இப்போது அவர் புதிய துணி எதுவும் வாங்கவில்லை. பழைய துணியையே முன்புறம் அரை மீட்டர் தாழ்த்திக் கட்டுகிறார். மூட்டைகளையும் தரையில் வைக்காமல் செங்கல் மேல் பலகையிட்டு அடுக்குகிறார்.