உங்களுக்குத் தெரியுமா? சோற்று நாடும் வயிற்றுக் கிருமிகளும்

● காலரா நோயாளிக்குப் போகும் பேதியை மருத்துவப் புத்தகங்கள் ‘அரிசி களைந்த தண்ணீர்’ என்றுதான் எழுதுகின்றன. கழுநீர்ப் பானையைத் தினம் பார்த்து வளர்ந்த தஞ்சாவூர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கடுமையாகத் தாக்கினால் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். கிருமி குடலை அரிப்பதில்லை. அது சுரக்கும் நஞ்சு குடல் சுவரை மதகு திறந்தாற்போல் ஆக்கிவிடும். உடம்பிலுள்ள உப்பும் நீரும் அதன் வழியே வடிந்துவிடும். 1884-ல் கல்கத்தாவில் இந்தக் கிருமியை ஆராய்ந்து, காலராவுக்குக் காரணம் இதுதான் என்று சொன்னவர் ராபர்ட் கோக். நஞ்சு இருப்பதை முயலின் குடலை வைத்து நிரூபித்தவர் அதே கல்கத்தாவின் சம்பு நாத் டே. இரண்டுக்கும் நடுவே 75 ஆண்டுகள்!

● காலராவெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்கிறீர்களா? கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வரும் அரசலாறு கடலில் கலக்கும் ஊர் காரைக்கால். 2022 ஜூலையில் அங்கே வாந்தி பேதி பரவி, சோதனையில் காலரா என்று தெரிந்து, பொது சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை. ஓட்டல்களில் கொதித்து ஆறிய தண்ணீர்தான் தர வேண்டும் என்று உத்தரவு. சந்தேகம் விழுந்தது ஆற்றின் மேல் அல்ல, மண்ணுக்கடியில் ஓட்டை விழுந்து கிடந்த பழைய குடிநீர்க் குழாய்களின் மேல். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் கசியும். ஒரு வேளை மட்டும் விடும் குழாய் மற்ற நேரமெல்லாம் காலியாகக் கிடக்கும். பக்கத்துச் சாக்கடை உள்ளே இறங்க வசதி. குழாயில் முதலில் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடிக்காமல் விட்டுவிடும் வீட்டம்மாக்கள் இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தராமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

● காலராக் கிருமியில் ஒரு வகைக்கு ‘பெங்கால்’ என்று பெயர். ஆனால் அது முதலில் தலைகாட்டியது மெட்ராஸில், 1992 கடைசியில்! அதுவரை ஊரையே சாய்க்கும் காலரா என்றால் ஓ1 வகை மட்டும்தான் என்று நம்பியிருந்தார்கள். இதன் எண்ணோ 139. சில மாதத்துக்குள் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டிவிட்டது. வங்காள விரிகுடாக் கரையோரமாகப் பரவியதால் அந்தப் பெயர். நம் ஊர் பெயர் தப்பித்தது.

● காலராக் கிருமி தண்ணீரில் தனியாக நீந்துவதைவிட, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு சவாரி செய்வதையே விரும்பும். பூச்சியை வடிகட்டினால் கிருமியும் பாதி போய்விடுமே என்று ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி யோசித்தார். வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திப் புடவையை நாலு மடிப்பாகக் குடத்தின் வாயில் கட்டச் சொன்னார்கள். 2003-ல் வந்த முடிவு: காலரா 48 சதவீதம் குறைந்தது. புதுப் புடவை உதவாது. துவைத்துத் துவைத்து நைந்த நூல்தான் இடைவெளியை அடைக்கும்.

● வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லா கிருமி, பத்து முதல் நூறு உள்ளே போனாலே போதும், ஆளைப் படுக்கவைத்துவிடும். காலராவுக்குக் கோடிக்கணக்கில் வேண்டும், ஏனென்றால் இரைப்பை அமிலத்தில் பெரும்பாலானவை செத்துவிடும். அந்த அமிலத்தைக் குறைத்துவிட்டால் சில ஆயிரமே போதும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, மிட்டாய்போல் தினம் ‘கேஸ் மாத்திரை’ போடுகிறவர்கள் கவனிக்க.

● சோற்றுக்கென்றே ஒரு கிருமி இருக்கிறது! பேசிலஸ் சீரியஸ். மண்ணில் வாழ்வது, ஆகவே வயலிலிருந்தே நெல்லோடு வீட்டுக்கு வந்துவிடும். உலை கொதிக்கும்போது சாகாது. தடித்த ஓடு போர்த்திய வித்தாகச் சுருண்டு படுத்திருக்கும். சோறு வடித்து, ஆறி, வெதுவெதுப்பாக நாலைந்து மணி நேரம் கிடந்தால் விழித்துக்கொள்ளும். அதற்குப் பிடித்த சூடு 30 முதல் 37 டிகிரி, அதாவது சித்திரை மாதத் தஞ்சாவூர்ச் சமையற்கட்டு. பெருகியபின் அது கக்கும் வாந்தி நஞ்சு கிருமியைவிட முரடு: மறுபடி சூடாக்கினாலும், எண்ணெயில் வதக்கினாலும் அழியாது. சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் குமட்டும். 1970-களில் பிரிட்டனின் சீன உணவகங்களில் முதல் நாள் மிஞ்சிய சோற்றை மறுநாள் வறுத்துப் பரிமாறி வம்பில் மாட்டிய பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. ‘சூடு பண்ணிட்டோமே’ என்பது இந்தக் கிருமியிடம் செல்லாத சமாதானம்.

பந்திக்கு வடித்த சோறு அண்டாவிலேயே கிடந்தால், மேலே ஆறியிருந்தாலும் நடுவயிறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கல்யாணச் சமையல்காரர் சித்ரான்னத்துக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பிப்போட்டு விசிறுவது உதிரியாக வர வேண்டும் என்பதற்காகத்தான். கிருமிக்கு நேரம் கொடுக்காமல் ஆற்றுவதும் அதே வேலையில் முடிந்துவிடுகிறது.

● ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரைக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறுகளில் எது முதலில் கெடும்? தேங்காய்ச் சாதம். எது கடைசிவரை நிற்கும்? புளியோதரை. புளியின் அமிலத்தில் மேற்படி வித்து முளைக்கத் திணறும். நல்லெண்ணெயும் உப்பும் கூட்டாளிகள். நடுவில் தயிர்சாதம். ஆற்றங்கரை வெயிலில் வேகமாகப் புளித்துப்போவதைத்தான் கெட்டுப்போவது என்கிறோம், ஆனால் அந்தப் புளிப்புதான் அதற்குக் காவல்.

● அப்படியானால் இரவெல்லாம் கிடக்கும் பழைய சோறு? தண்ணீர் ஊற்றி மூடிவைத்ததும் அங்கே லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. புளிப்பு ஏற ஏற மற்றவை ஒடுங்கும். தண்ணீர் ஊற்றாமல் சும்மா மூடிவைத்த ஆறிய சோற்றுக்கு இந்தக் காவல் கிடையாது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராயவே இறங்கியிருக்கிறார்கள். ஆனால் ஊற்றுகிற தண்ணீரும் அள்ளுகிற கையும் சுத்தமாக இருக்க வேண்டும். அசுத்தத்தையெல்லாம் நீராகாரம் பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது.

● பேதிக்குக் கஞ்சி கொடுத்த பாட்டிக்கு வேலூரில் சாட்சி இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்த நீரைக் குடல் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் ஓ.ஆர்.எஸ்.-ஸின் சூட்சுமம். 1971-ல் வங்கதேச அகதி முகாமில், சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலநாபிஸ் இதை டிரம்மில் கலக்கிக் கொடுத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. சர்க்கரைக்குப் பதில் அரிசிமாவு போட்டாலும் நடக்கும், அரிசி குடலில் உடைந்து சர்க்கரைதானே ஆகிறது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.-ஸில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நல்ல கிருமிகளால் புளித்து, நீரை உறிஞ்சும் வேலையைப் பெருங்குடலிலும் முடுக்கியது. பேதி சீக்கிரம் நின்றது. 2000-ல் வெளியான ஆய்வு. சமைத்து ஆறவைத்த சோற்றிலும் இப்படிச் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் உண்டாகிறது.

● கும்பகோணத்துப் பிள்ளை கணிதமேதை ராமானுஜன் 32 வயதில் இறந்தார். காசநோய் என்றுதான் வைத்தியம் பார்த்தார்கள். 1994-ல் அவரது நோய்க்குறிப்புகளை அலசிய டி.ஏ.பி. யங் என்பவரின் முடிவு: கல்லீரலில் அமீபா. 1906-ல் சென்னையில் அவருக்கு வந்த சீதபேதியின் மிச்சமாக இருக்கலாம். அமீபா பாக்டீரியா இல்லை, ஆனால் வாய்க்குள் வரும் வழி ஒன்றுதான்.

● செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் காலரா, ஷிகெல்லா, சால்மோனெல்லா, ஈ.கோலி எதுவும் உயிரோடு மிஞ்சவில்லை. பெங்களூர் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்டது. பித்தளையிலும் செம்பு இருப்பதால் அதுவும் கொல்லும், மெதுவாக. ஆனால் தண்ணீர் செம்பைத் தொட வேண்டும். புளிக்குழம்பில் களிம்பு ஏறாமலிருக்க ஈயம் பூசிய பாத்திரத்தில் இந்த வித்தை நடக்காது. கும்பகோணம் கடைத்தெருவில் தண்ணீர்க் குடம் வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள்: வெள்ளையாகப் பளபளத்தால் அது சமையலுக்கு, சிவந்திருந்தால் தண்ணீருக்கு.